பின்வரிசையிலிருந்து வரும் லுக்மா

இந்த வருடம் ஸனது வாங்கிக்கொண்டு முதல் பள்ளிவாசலில் இமாமத் ஏற்கப் போகும் தம்பிகளுக்கு.

மதரஸாவில் இருந்தவரை உங்களை யாராவது திருத்திக்கொண்டே இருந்தார்கள். ஓதும்போது உஸ்தாத் திருத்தினார், எழுதும்போது மூத்த மாணவர் திருத்தினார், சாப்பாட்டு ஸஹனில் கூட உட்கார்ந்தவன் திருத்தினான். தலைப்பாகை கட்டிய நாளிலிருந்து ஊர் உங்களை ஹஜ்ரத் என்று கூப்பிடும். உங்கள் பாட்டன் வயதுக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். திருத்துகிற ஆள் குறைந்துகொண்டே போவார். எனக்குக் கவலை இதில்தான். முப்பத்தெட்டு வருடம் நான்கு ஊர்களில் தொழவைத்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1. லுக்மாவை வாங்கிக்கொள்ளுங்கள்.

லுக்மா என்றால் அரபியில் ஒரு கவளம். இமாம் ஓதும்போது தடுமாறினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்கிறாரே, அதற்கு நம் மதரஸாக்களில் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். ஊட்டிவிடுகிற சோறு அது.

நான் இமாமாகச் சேர்ந்து இரண்டாம் வருட ரமலான், முதல் பிறை இரவு. தராவீஹில் அல்பகரா ஓதிக்கொண்டிருந்தேன். பனூ இஸ்ராயீல்களை ஊருக்குள் நுழையச் சொல்லும் 58ஆம் வசனம் வந்தது. ஹாஃபிஸ்களுக்கு இந்த இடம் தெரியும். இதே செய்தி அல்அஃராஃப் 161இலும் இருக்கிறது. அல்பகராவில் வாசலில் பணிந்து நுழையச் சொல்வது முன்னால் வரும், மன்னிப்புக் கேட்கும் சொல்லைச் சொல்லச் சொல்வது பின்னால் வரும். அல்அஃராஃபில் இரண்டும் இடம் மாறியிருக்கும். என் நாக்கு அல்அஃராஃபுக்குப் போய்விட்டது. முதல் வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் எடுத்துக் கொடுத்தது. பதின்மூன்று வயதுப் பையன். ஹிஃப்ழு முடித்துச் சில மாதம்தான் ஆகியிருந்தது. என்னைத் தவிர அந்த ஊரில் இருந்த ஒரே ஹாஃபிஸ் அவன்தான். நான் என் போக்கிலேயே திரும்ப ஓதினேன். அவன் மறுபடியும் எடுத்துக் கொடுத்தான். மூன்றாம் முறை குரலை உயர்த்தி ஓதிக்கொண்டு கடந்துவிட்டேன்.

தொழுகை முடிந்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அறைக்குப் போய் முஸ்ஹஃபைப் புரட்டினேன். பையன் சொன்னதுதான் சரி. வெளியே வந்தால், அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறான். கூப்பிட்டு, "பெரியவங்க ஓதும்போது இப்படிக் குறுக்கே விழக்கூடாது, குழம்பிடும்" என்றேன். "சரிங்க ஹஜ்ரத்" என்றான். மறுநாள் அவன் முதல் வரிசையில் இல்லை. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் நின்றான். அந்த ரமலான் முழுக்க அங்கேயே நின்றான். மீதி இரவுகளில் நான் எத்தனை இடத்தில் தவறினேன் என்று அல்லாஹ்வுக்கும் அவனுக்கும்தான் தெரியும்.

பெருநாளன்று அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வாப்பா முன்னால், "அன்னைக்கு நீ சொன்னதுதான் சரி, அது தெரிஞ்சும்தான் உன்னைத் திட்டினேன்" என்றேன். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வட்டலப்பத் தட்டோடு வந்த அவன் உம்மா நடைவாசலிலேயே நின்றுவிட்டார்.

துல்யதைன் (ரலி) அவர்களின் ஹதீஸை நாம் ஸஹ்வு ஸஜ்தா பாடத்தில் படிக்கிறோம், சட்டம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். இன்னொரு தடவை படியுங்கள். நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டில் முடித்து ஸலாம் கொடுத்துவிட்டார்கள். அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் அங்கே இருந்தார்கள். மரியாதை கலந்த அச்சத்தில் அவர்கள் வாய் திறக்கவில்லை. கைகள் நீளமாக இருந்ததால் துல்யதைன் என்று பெயர் பெற்ற ஒருவர்தான் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். நபியவர்கள் மற்றவர்களிடம் விசாரித்தார்கள். ஆம் என்றதும் விட்டதைத் தொழுது முடித்தார்கள். உங்கள் விஷயத்திலும் இப்படித்தான் நடக்கும். நெருங்கியவர்கள் மரியாதையால் வாயடைத்து நிற்பார்கள். சொல்கிறவர் நீங்கள் எதிர்பார்க்காத ஆளாக இருப்பார்.

2. நஸீஹத் என்ற சொல்லை அதன் வேரிலிருந்து படியுங்கள்.

மார்க்கமே நஸீஹத்தான் என்று தமீமுத் தாரீ (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் உங்களுக்கு மனப்பாடம். நாம் அதைத் தமிழில் உபதேசம் ஆக்கி, மிம்பரிலிருந்து கீழே இறங்குகிற ஒன்றாகவே பழக்கிவிட்டோம். அந்த ஹதீஸில் முஸ்லிம்களின் தலைவர்களுக்கும் நஸீஹத் உண்டு என்று வருகிறது. அப்படியென்றால் அது கீழேயிருந்து மேலேயும் போக வேண்டும். இமாம் நவவீ (ரஹ்) ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில் கத்தாபீ (ரஹ்) அவர்களை எடுத்துக்காட்டி இந்தச் சொல்லுக்கு இரண்டு வேர்களைச் சொல்கிறார்கள். ஒன்று, கிழிந்த துணியைத் தைப்பது. மற்றது, தேனிலிருந்து மெழுகைப் பிரித்தெடுப்பது. ஊசி குத்தத்தான் செய்யும். கிழிசல் நம்முடையது.

3. உங்கள் பின்னால் நிற்பவனின் வேலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது ஊரில் என் ஜும்ஆ பயான் பிரபலம். முக்கால் மணி நேரம் பேசுவேன். அதன்பிறகுதான் குத்பா. ஒரு நாள் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், எல்லாரும் முஸாஃபஹா செய்துவிட்டுப் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், எங்க முதலாளி ஜும்ஆவுக்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்தான் விடுவார். நீங்க ஒன்றரைக்கு முடிச்சா நான் சாப்பிட்டுட்டுப் போவேன். இல்லேன்னா அன்னைக்குப் பட்டினிதான்" என்றார். அப்போது என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? தீனுக்காக ஒரு வேளை பசி தாங்க மாட்டானா இவன், ஈமான் குறைவு என்று. வாயால் சொல்லவில்லை. முகத்தில் காட்டியிருப்பேன்.

அன்று அஸருக்குப் பிறகு மக்தப் பிள்ளைகளுக்காகப் புகாரியைப் புரட்டியபோது முஆத் (ரலி) அவர்களின் ஹதீஸ் கண்ணில் பட்டது. நூறு தடவை ஓதியதுதான். நீர் இறைக்கும் ஒட்டகங்கள் இரண்டை ஓட்டிக்கொண்டு பகலெல்லாம் உழைத்த ஒருவர் இருட்டியதும் வந்து, ஒட்டகங்களை விட்டுவிட்டு ஜமாஅத்தில் சேர்கிறார். முஆத் (ரலி) நீளமான சூராவைத் தொடங்குகிறார்கள். அவர் பிரிந்து தனியாகத் தொழுதுவிட்டுப் போகிறார். முஆத் (ரலி) அவரைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறார்கள்; நயவஞ்சகர் என்றே சொன்னதாகவும் அறிவிப்பு இருக்கிறது. உழைப்பாளி நபியவர்களிடம் போய் முறையிடுகிறார். நபியவர்கள் யாரைக் கண்டித்தார்கள்? குர்ஆனை நன்றாக ஓதிய, தம் அன்புக்குரிய முஆதைத்தான். மக்களைக் குழப்பத்தில் தள்ளுகிறவரா நீர் என்று மூன்று தடவை கேட்டார்கள். முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் பின்னால் நிற்கிறார்கள் என்று சொல்லி, அஃலா, ஷம்ஸ், லைல் மாதிரியான சூராக்களை ஓதச் சொன்னார்கள்.

இவ்வளவு நேரடியான கண்டிப்பு வாங்கிய முஆத் (ரலி) அவர்களைத்தான் பின்னாளில் யமன் மக்களுக்குத் தீனைக் கற்றுக் கொடுக்க அனுப்பினார்கள். கண்டிப்பு வாங்கியதால் யாரும் சிறுத்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிட எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. அடுத்த வெள்ளியிலிருந்து பயான் இருபது நிமிடம். அந்த இளைஞரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

4. உங்கள் காது உங்களைக் காட்டிக் கொடுக்காது.

வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்பவரிடம் கேட்டுப் பாருங்கள், சரியாகத்தானே சொல்கிறேன் என்பார். அவர் காதில் அது வாழைப்பழமாகத்தான் விழுகிறது. அரபி எழுத்தில் ஸீன், ஸாத், ஸா மூன்றும் வேறு வேறு. தமிழில் எழுதினால் மூன்றும் ஒரே 'ஸ'. அதனால் தமிழ் நாக்கு மூன்றையும் ஒன்றாக்கிவிடப் பார்க்கும். என் ளாத் எழுத்தில் பிழை இருக்கிறது என்று என்னைவிட இருபது வயது இளைய காரீ ஒருவர் சொன்னபோது எனக்கு நாற்பது வயது. அதற்குள் எத்தனை ஆயிரம் ஃபாத்திஹா ஓதியிருப்பேன்! மூன்று மாதம் ஃபஜ்ருக்குப் பிறகு அவர் முன்னால் கால் மடக்கி உட்கார்ந்தேன். நாக்கின் ஓரம் கடைவாய்ப் பல்லில் எங்கே படவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அதுவரை கேட்காத வித்தியாசம் கேட்க ஆரம்பித்தது. குணத்தில் உள்ள பிழையும் இப்படித்தான். கடுகடுப்பாகப் பேசுகிறவருக்குத் தம் பேச்சு சாதாரணமாகத்தான் கேட்கும்.

5. அன்றைக்கே பதில் சொல்லாதீர்கள்.

யாராவது உங்கள் குறையைச் சொன்னால் ஜஸாகல்லாஹு கைரன் என்று மட்டும் சொல்லுங்கள். விளக்கம் வேண்டாம். என் நிய்யத் நல்லதுதான் என்று ஆரம்பிக்கவே வேண்டாம். அவர் உங்கள் நிய்யத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நோட்டில் அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். மூன்று நாள் கழித்து எடுத்துப் படியுங்கள். முதல் நாள் ஏளனமாகப் பட்டது மூன்றாம் நாள் வேறு மாதிரி தெரியும்.

உமர் (ரலி) கலீஃபாவாக இருந்தபோது உயைனா இப்னு ஹிஸ்ன் முகத்துக்கு நேரே, நீர் எங்களுக்குத் தாராளமாகக் கொடுப்பதுமில்லை, நீதியாக நடப்பதுமில்லை என்றார். அப்பட்டமான பொய். உமர் (ரலி) கொதித்தெழுந்தார்கள். பக்கத்தில் இருந்த ஹுர் இப்னு கைஸ், அறிவிலிகளைப் புறக்கணிக்கச் சொல்லும் அல்அஃராஃபின் 199ஆம் வசனத்தை ஓதினார். உமர் (ரலி) அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். இதில் இரண்டு பாடம். பொய்யான குற்றச்சாட்டுக்காக ஒருவரை நொறுக்க வேண்டியதில்லை. கோபம் ஏறிக்கொண்டிருக்கும்போதே, கூட இருப்பவர் சொல்வதைக் கேட்டு இறங்கவும் முடியும்.

6. யார் சொன்னார் என்று பார்ப்பதற்கு முன் என்ன சொன்னார் என்று பாருங்கள்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் மனிதன் தன் குறையை அறிய நான்கு வழிகள் சொல்கிறார்கள். கூர்ந்த பார்வையுள்ள ஷைகு, உண்மை பேசும் நண்பன், எதிரியின் நாக்கு, பிறரிடம் காணும் குறையைத் தன்னிடம் தேடிப் பார்ப்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். பூசி மெழுகும் நண்பனைவிடக் குறையைத் தேடித் திரியும் எதிரியால் பயன் அதிகம் என்கிறார்கள். உன் துணிக்குள் தேள் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தேளைத்தானே அடிப்போம், குணக்கேடு என்ற தேளைக் காட்டியவரோடு மட்டும் ஏன் சண்டைக்குப் போகிறோம் என்றும் கேட்கிறார்கள். எழுதியவர் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பக்தாத் நிஜாமிய்யாவின் தலைமை ஆசிரியராக இருந்து, தம் நிய்யத்தையே சோதித்து, பாடம் நடத்துவது புகழுக்காக என்று கண்டுகொண்டு, ஹிஜ்ரி 488இல் அந்தப் பதவியை விட்டு வெளியேறியவர்.

வருவதெல்லாம் நஸீஹத் இல்லை என்பதும் உண்மைதான். வட்டி வாங்குவதைப் பற்றிப் பேசாதீர்கள் என்று ஒரு செல்வந்தர் சொன்னால் அது விமர்சனம் இல்லை, பேரம். சட்டத்தை மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆனால் அவரே, நீங்கள் அதைச் சொன்ன தொனியில் என் பெயரைச் சொல்லாமல் சொன்னீர்கள் என்றால், அதை நோட்டில் எழுதுங்கள். எனக்கு ஒரு தடவை அப்படி நடந்தது. அவர் சொன்னதில் பாதி பேரம், பாதி உண்மை.

7. பொதுவாகத் தாழ்த்திக்கொண்டு குறிப்பாக மறுக்காதீர்கள்.

மிம்பரில் நின்று, நான் பெரும் பாவி, உங்கள் எல்லோரையும்விடத் தாழ்ந்தவன் என்று கண்ணீர் விடுவோம். இறங்கி வந்ததும் ஒருவர், ஹஜ்ரத், போன வாரம் வாங்கிய நூறு ரூபாயை மறந்துட்டீங்களா என்றால் முகம் சிவந்துவிடும். உண்மையான பணிவு அந்த நூறு ரூபாயில்தான் இருக்கிறது. பெருமை என்றால் உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாக எண்ணுவதும்தான் என்று நபியவர்கள் விளக்கிவிட்டார்கள். நல்ல உடை உடுத்துவது அதில் சேராது. கந்தல் உடுத்திக்கொண்டும் பெருமை கொள்ளலாம்.

8. கண்டிப்பை மறைக்காதீர்கள்.

அபஸ சூராவை ஓதும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும். நபியவர்கள் குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து கேட்டார். நபியவர்களின் முகம் சுளித்தது. அவருக்கு அது தெரியக்கூட வழியில்லை. அதற்காக அல்லாஹ்விடமிருந்து கண்டிப்பு வந்தது. அந்தக் கண்டிப்பைத் தம் வாயாலேயே மக்களுக்கு ஓதிக் காட்டினார்கள். இன்றுவரை தொழுகையில் நாம் ஓதுகிறோம். பின்னர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) மதீனாவில் பாங்கு சொல்பவர் ஆனார். நபியவர்கள் வெளியூர் போனபோது மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மேடையில் தவறினால் மேடையிலேயே திருத்துங்கள். மஹ்ருக்கு உச்சவரம்பு வைக்கப் போன உமர் (ரலி) அவர்களை ஒரு பெண் எழுந்து மறுத்தார் என்ற சம்பவத்தை நான் பல வருடம் உறுதியான செய்தியாகச் சொல்லிவந்தேன். விமர்சனத்தை ஏற்பதற்கு அதைத்தான் உதாரணம் காட்டுவேன்! அதன் அறிவிப்பாளர் தொடரில் ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு இருக்கிறது என்று என் மாணவர் ஒருவர் கிதாபைக் கொண்டுவந்து காட்டினார். அடுத்த ஜும்ஆவில் அதை அப்படியே சொன்னேன். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்வதில் இழிவில்லை. கடற்கரை ஊர்களில் நம் மக்கள் பின்பற்றுவது ஷாஃபிஈ மத்ஹப். அந்த மத்ஹபின் இமாம் இராக்கில் சொன்ன கருத்துகள் பலவற்றை எகிப்து போனபின் மாற்றிக்கொண்டார்கள். பழைய சொல், புதிய சொல் என்று இரண்டையும் கிதாபுகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 204இல் அவர்கள் வஃபாத்தாகி ஆயிரத்து இருநூறு வருடம் தாண்டிவிட்டது. மாற்றிக்கொண்டதால் அவர்கள் மதிப்பு குறையவில்லை.

9. வீட்டில் கேளுங்கள்.

ஊரார் பார்ப்பது உங்கள் ஜுப்பாவை. அதன் காலர் அழுக்கைத் துவைப்பவர் பார்க்கிறார். "மிம்பர்ல இருக்கிற பொறுமையில கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துட்டு வாங்க" என்று என் மனைவி ஒரு தடவை சொன்னார். அன்று சோற்றில் உப்பு கூடிவிட்டது என்று குரல் உயர்த்தியிருந்தேன். ஹுதைபிய்யாவில், ஹிஜ்ரி 6இல், பலி கொடுத்துத் தலை மழிக்கும்படி சொல்லியும் தோழர்கள் மனவருத்தத்தில் அசையாமல் இருந்தபோது, நபியவர்கள் கூடாரத்துக்குள் போய் உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே போய் நீங்களே பலி கொடுத்து முடியை மழித்துக்கொள்ளுங்கள் என்றார் அவர். அப்படியே செய்தார்கள். தோழர்கள் எழுந்தார்கள். வஹீ வந்துகொண்டிருந்த வீட்டிலேயே மனைவியின் சொல்லுக்கு அந்த இடம் இருந்தது.

10. ஏற்றுக்கொண்டது வாழ்க்கையில் தெரிய வேண்டும்.

அபூதர் (ரலி) ஒருவரை அவர் தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று நபியவர்கள் சொன்னார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள் என்றும் சொன்னார்கள். பிற்காலத்தில் ரபதாவில் அவரைப் பார்த்த ஒருவர், அவரும் அவர் பணியாளரும் ஒரே மாதிரி உடுத்தியிருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அபூதர் (ரலி) மழுப்பவில்லை. தாம் செய்த தவறிலிருந்து ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னார்.

இப்னு உமர் (ரலி) வாலிபராக இருந்தபோது, அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் தொழுதால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நபியவர்கள் அவர் சகோதரி ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அதன்பிறகு அவர் இரவில் கொஞ்சமே உறங்கினார்.

11. நீங்கள் திருத்தும்போது தனியாகத் திருத்துங்கள். கூட்டத்தில் சொன்னால் அவர் உங்கள் வார்த்தையைக் கேட்க மாட்டார், சுற்றி இருப்பவர்களின் சிரிப்பைத்தான் கேட்பார். ஊர் வாட்ஸ்அப் குழுவும் கூட்டம்தான்.

12. வரும்வரை காத்திருக்காமல் போய்க் கேளுங்கள்.

முத்தவல்லியிடம் கேட்டால் கணக்குப் பேசுவார். மோதினாரிடம் கேளுங்கள். பள்ளியைத் திறப்பதும் அவர், பூட்டுவதும் அவர். நீங்கள் யாருமில்லாதபோது எப்படி இருக்கிறீர்கள் என்று அவருக்குத்தான் தெரியும். என்னிடம் என்ன குறை என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் ஒன்றுமில்லைங்க ஹஜ்ரத் என்பார். நான் எதை மாற்றினால் நல்லது, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். முதல் நாள் சிரிப்பார். இரண்டாம் நாள் மைக்கைப் பற்றி ஏதாவது சொல்வார். விடாதீர்கள்.

கடைசி ஊரில் எங்கள் மோதினார் நான்காம் நாள் சொன்னார். ஃபஜ்ரு முடிந்து, அவர் கூட்டிக்கொண்டிருந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. ஓதுற பிள்ளைங்க உங்க செருப்புச் சத்தம் கேட்டா பேச்சை நிறுத்திடுதுங்க. ஸலாம் சொல்றதையும் சேர்த்து நிறுத்திடுதுங்க." சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஹவுள் பக்கம் போய்விட்டார். மக்தபிலிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.